சுழிப்பிழை

ஆகஸ்ட் 4, திங்கள்

கிருபாவதி மேடம் ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, ஆராய்ச்சி முடியும்வரை தினமும் கள நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றார். அந்த நோட்டில் 'மாணவர்கள் மிகுந்த ஒத்துழைப்பு நல்கினர்' என்று நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே எழுதிவிட்டேன். இது வேறு நோட்டு.

நர்சிங் நான்காம் ஆண்டில் ஜோடி ஜோடியாக ஆராய்ச்சி செய்ய வேண்டும். எனக்கும் ஜெனோவாவுக்கும் விழுந்த தலைப்பு, கல்லூரி மாணவர்களிடையே உயர் ரத்த அழுத்தமும் அதற்கான காரணிகளும். பக்கத்துக் கலைக் கல்லூரியில் இருநூறு பேர் வேண்டும். ஸ்போர்ட்ஸ் ரூமை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின், இருபத்திரண்டு கேள்வி உள்ள படிவம், கிரிக்கெட் பேட் வாடை.

படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் நாங்களே நிரப்பிக்கொண்டோம். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தீனி வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை மணி நேரம் தூக்கம்? ஒன்பதாவது கேள்வி: பெற்றோரில் யாருக்காவது ரத்த அழுத்தம் உண்டா? 'இல்லை' என்று டிக் அடித்தேன். அம்மாவுக்கு இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போனவருக்கு என்ன அழுத்தம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் நாளே கோளாறு. ஆட்கள் வருவதற்கு முன் மெஷினைச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள் ஜெனோவா. அவள் கைக்கு அந்தப் பட்டை பத்தவில்லை.

"நாந்தான் பூசணிக்கா. எனக்கு எப்படியும் ஏறித்தான் கெடக்கும். நீ முருங்கக்கா கணக்கா இருக்க, ஒனக்குப் பாப்போம். நார்மல் ஆளுக்குப் பாத்தாத்தான மெஷின் சரியான்னு தெரியும்?"

என் கையில் கட்டினாள். 142/92 என்று காட்டியது. மறுபடியும் கட்டினோம். 144/92.

"ஏட்டி, மெஷின் அவுட்டு" என்றாள்.

லேபில் போய் மாற்றிக் கேட்கலாம். ஆனால் லேப் பொறுப்பாளர் அம்மா, "கையில வாங்கும்போது நல்லாத்தான இருந்துச்சு, எங்க போட்டு ஒடச்சிய?" என்றுதான் ஆரம்பிப்பார். போன வருஷ பேட்சைப் புதிது வாங்கி வைக்கச் சொன்னாராம். வெளியே பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்போது எனக்குப் பிளஸ் டூ இயற்பியல் ஞாபகம் வந்தது. திருகு அளவியை நடுவில் எதுவும் வைக்காமல் மூடினால் சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ அதை எல்லா அளவிலும் கழித்துவிட வேண்டும். அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். செய்முறைத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண்.

மேல் எண்ணில் இருபது, கீழ் எண்ணில் பத்து. கழித்தால் எனக்கு 122/82. புத்தகத்தில் போட்டிருக்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன். மெஷின் காட்டுவதைப் படிவத்தின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொள்வது, கழித்ததைக் கட்டத்தில் பேனாவால் எழுதுவது, கடைசியில் பென்சிலை அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஜெனோவா என் முதுகில் தட்டி, "ஒனக்கு மூள இருக்குட்டி" என்றாள். பத்தொன்பது பேர் முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று முப்பத்தொரு பேர். ஒருவனுடைய பெயர் படிவத்தில் கோட்டைத் தாண்டி ஓடியது. சிவனணைந்த பெருமாள், மூன்றாம் ஆண்டு வரலாறு. போலீஸ் தேர்வுக்குத் தினமும் காலையில் மைதானத்தில் ஓடுகிறானாம். ஜிம்மில் ஏதோ பவுடர் கொடுத்திருக்கிறார்கள், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு ஓடுகிறான். குடித்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கும், அதுதான் வேலை செய்கிற அடையாளம் என்று ஜிம் மாஸ்டர் சொன்னாராம்.

பென்சிலில் 158/98. பேனாவில் 138/88.

"நார்மலா சிஸ்டர்?"

"நார்மல்தான். கொஞ்சம் உப்பக் கொறச்சிக்கோங்க."

"அம்மா ஒரு வாரமா கெடந்து பொலம்புதாவ, தல வலிக்கின்னு சொல்லுதியே போயி டாக்டரப் பாருன்னு. இதக் காட்டுனாப் போதும்." அளவு எழுதிக் கொடுத்த சிலிப்பை போனில் படம் எடுத்து அங்கேயே வீட்டுக்கு அனுப்பினான். தேங்க்ஸ் சிஸ்டர் என்று இரண்டு தடவை சொன்னான். நன்றி சொல்கிறவர்களை இந்த வேலையில் எண்ணிவிடலாம் என்பதால் அவன் முகம் மனதில் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் ஸ்போர்ட்ஸ் ரூம், மதியம் வார்டு டியூட்டி, சாயங்காலம் படிப்பு. ஹாஸ்டல் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாவிட்டால் இந்நேரம் செத்திருப்பேன். பின்மண்டையில் கல்லைக் கட்டி விட்டதுபோல வலி. மெடிக்கலில் வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். போன வாரம் வாங்கியது எங்கே போனது என்று தேடினேன், தீர்ந்துதான் போயிருந்தது.

செப்டம்பர் 12 கேம்பஸ் இன்டர்வியூ. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி. அது கிடைத்தால் அம்மா கோவில்பட்டியில் கடலைமிட்டாய் பாக்கிங்குக்குப் போக வேண்டாம். நாளெல்லாம் நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு இந்த வேலை வேண்டும். இதைவிடப் பெரிதாக எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். வெயிலில் நின்றோம். ஆரஞ்சு மிட்டாய். தலைவலி.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெஷின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பக்கத்துக் குழுவின் மெஷினை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கி வந்தோம். வழக்கம்போல என் கையில் கட்டிப் பார்த்தோம். 146/94. இதுவும் கோளாறுதான். இரண்டையும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்.

"அவளுவ ஒண்ணும் கழிக்கதில்லையாம்" என்றாள் ஜெனோவா.

"அப்ப அவளுவ டேட்டா அம்புட்டும் தப்பு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கெக்கெக்கென்று சிரிக்கிறவள்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் வார்டில் கூட்டம் இல்லை. ஜெனோவா ஸ்டெத்தையும் கைப்பம்ப் மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்து, "சும்மா ஒரு ப்ராக்டிஸ்" என்றாள். காற்றை ஏற்றி இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மூன்று தடவை. என் முகத்தைப் பார்க்காமல் பட்டையைச் சுருட்டி வைத்தாள்.

"எவ்வளவுட்டி?"

"சரியாக் கேக்கல. நாளைக்குப் பாப்போம்."

அவளுக்கு இன்னும் ஸ்டெத் வைக்கத் தெரியவில்லை. நான்கு வருஷமாக என்ன படித்தாளோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நூற்றைம்பது பேர் முடிந்தது. கிருபாவதி மேடம் இதுவரை எழுதியதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க எல்லாரும் ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க போலயே" என்றார். பாராட்டா கேள்வியா என்று புரியவில்லை. திங்கள்கிழமை படிவங்களை மொத்தமாகக் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜெனோவா என்னை லேபுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய கைக்கான பட்டை ஒன்றை எங்கோ தேடி எடுத்து வந்திருந்தாள். எங்கள் மெஷினில் அதை மாட்டி அவள் கையில் கட்டினாள். 116/74.

"மெஷின்ல ஒண்ணும் இல்லட்டி" என்றாள். "அன்னைக்கு வார்டுல பாத்ததும் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. நூத்தம்பது. ஒன்கிட்டச் சொல்ல மனசு வரல."

நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "ஒன் கையில எந்தப் பட்டையும் ஒழுங்கா நிக்காது. ஒனக்குக் காட்டுனதுதான் தப்பு" என்றேன். சிறுவயதிலிருந்து உடம்பைச் சொல்லி யார் கேலி செய்தாலும் கூடவே சேர்ந்து சிரித்துவிடுவாள். இன்று சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டுக்கு வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

படிவங்களை எடுத்துப் பென்சில் எண்களை மட்டும் எண்ணினேன். நூற்று நாற்பதைத் தாண்டியவர்கள் இருபத்தேழு பேர். பேனாவில் இரண்டே பேர்.

அழிரப்பர் பக்கத்தில் இருக்கிறது. அரை மணி நேர வேலை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். மதியம் அம்மாவுக்கு போன் போட்டேன். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அப்பாவுக்கு பி.பி. இருந்துச்சாம்மா?" என்றேன்.

"இப்ப எதுக்கு அது?"

"காலேஜ்ல ஒரு பாரம் நெரப்பணும்."

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இருந்துச்சு" என்றாள். "பஸ் கம்பெனிக்குத் தெரிஞ்சா வண்டியத் தர மாட்டான்னு யார்ட்டயும் சொல்லல. டாக்டர் குடுத்த மாத்திரயப் பழைய மிட்டாய் டப்பாவுல போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருந்தாரு. ஒரு மாசம் தின்னாரு. பெறவு நல்லாத்தான இருக்கேன்னு விட்டுட்டாரு. பரிசோதனைக்குப் போற அன்னைக்கு மட்டும் ரெண்டாப் போட்டுக்கிட்டுப் போவாரு."

"அப்பா செத்தது வெயில்லன்னு எங்ககிட்டச் சொன்னிய."

"என்னத்தச் சொல்ல? லீவு நாள்ல டீக்கடையில உக்காந்திருக்கும்போது நெஞ்சுவலி வந்துச்சு. அம்பது பேர ஏத்திக்கிட்டுப் போகும்போது வரலயேன்னு அம்மனுக்கு வெளக்குப் போட்டேன். புருசன் செத்ததுக்கு வெளக்குப் போட்டவ நானாத்தான் இருக்கணும்."

பிறகு அம்மாவே, "ஏ செம்பகா, ஒனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

இல்லை என்றேன். ஆறு வருஷமாக அப்பாமேல் கோபம் என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை. இன்று வந்தது. நாற்பத்தைந்து வயது மனிதர் ஒரு மிட்டாய் டப்பாவை ஒளித்து வைத்து எங்களை ஏமாற்றியிருக்கிறார். அப்புறம் என் பையைத் திறந்து பார்த்தேன். வலி மாத்திரை அட்டை மூன்று, காலி. ஏன் தூக்கிப் போடாமல் பர்ஸுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

முதலில் ஜெனோவாவிடம் போனேன். "நான் சொன்னது ரொம்பத் தப்பு" என்றேன். "ஆமா, தப்புதான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவளே என்னுடைய படிவக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டாள்.

மேடம் மேசையில் பென்சில் எண்களோடு அப்படியே வைத்தோம். கழித்த கதையை நான் சொன்னேன். திருகு அளவி வரும்போது மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பா கோபமா தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இருபது வருஷமாக எங்களைப் போன்றவர்களை மேய்த்த அலுப்பு அந்த முகத்தில் தெரிந்தது.

"மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல நீ உக்காரு" என்றார். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்தார். முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, கை மேசைமேல். வகுப்பில் இதை நூறு தடவை எழுதியிருக்கிறேன், என்னை ஒருவரும் இப்படி உட்கார வைத்ததில்லை. 150/96. இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி, 148/96.

"ஒல்லியா இருந்தா வராதுன்னு யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்களாகவே தெரிந்து வைத்திருந்தோம்.

அப்போதே மெடிசின் ஓ.பி.க்கு அனுப்பினார். டாக்டர் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பரிசோதனை எழுதினார். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார், அதுவே அழுத்தத்தை ஏற்றுமாம். படித்ததுதான். ஊறுகாயையும் நிறுத்தச் சொன்னார்.

ஆராய்ச்சிக்கு ஒரு மாதம் தவணை. இருபத்தேழு பேரையும் நாங்களே தேடிப்போய், நடந்ததைச் சொல்லி, மறுபடி பார்க்க வேண்டும். "ஒருத்தர் விடக்கூடாது" என்றார் மேடம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினோம். ஒன்பது பேர் கிடைத்தார்கள். அதில் ஐந்து பேருக்கு, உட்கார வைத்துப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் கட்டியிருக்கிறோம். "அப்ப நீங்க எழுதுன எதையும் நம்ப முடியாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். இன்னொருவன் எங்களை வீடியோ எடுத்தான். கால் வலிக்கிறது. மேடம் கொடுத்த நோட்டில் 'மாணவர்கள் ஒத்துழைப்பு நல்கினர்' என்று எழுதப் போய் அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

இருபத்தாறு முடிந்தது. பதினொரு பேருக்கு நிஜமாகவே கூடுதல். அனைவருக்கும் ஓ.பி. கடிதம் கொடுத்தாயிற்று. பாக்கி சிவனணைந்த பெருமாள். வகுப்புக்கு வருவதில்லை. பத்தாம் தேதி உடல்தகுதி ஓட்டமாம், பகல் முழுக்க மைதானத்தில் கிடக்கிறான் என்றார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போனோம். ஐந்தாவது சுற்றோ ஆறாவதோ ஓடிக்கொண்டிருந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தான். நான் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"வேண்டாம் சிஸ்டர். நீங்க தந்த சிலிப்பு இருக்கு. அது போதும்."

"அது தப்பான நம்பர்."

"நீங்கதான நார்மல்னு சொன்னிய? இன்னும் அஞ்சு நாள்தான். ரெண்டு வருசமா ஓடுதேன். முடிச்சிட்டு வந்து பாத்துக்கிடுதேன்."

"இந்தத் தலவலியோட அதுவரைக்கும் ஓடக்கூடாது."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? நம்பர் எழுதிட்டுப் போறவங்கதான?"

ஜெனோவா என் பையிலிருந்து மெஷினை எடுத்தாள். அங்கிருந்த சிமெண்டு படியில் நான் உட்கார்ந்து என் கையை நீட்டினேன். அவள் கட்டினாள். பட்டை இறுகி இறங்கும்வரை மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 148/94.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சு, இந்தக் கைய வச்சுத்தான் மெஷின் தப்புன்னு சொன்னேன்" என்றேன். "ஒங்களுக்கு இருந்ததுல இருபதக் கழிச்சேன். எங்கப்பா பஸ் டிரைவர். இது தெரிஞ்சா வேல போயிரும்னு மறச்சாரு. இப்ப அவரு இல்ல."

அவன் நின்றுகொண்டே இருந்தான். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். பிறகு எனக்கு இரண்டு படி தள்ளி உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஓடிய மூச்சு அடங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். அவனே கையை நீட்டினான்.

"கழிக்காமச் சொல்லுங்க" என்றான்.

164/102. அப்படியே சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

என் பரிசோதனைகள் வந்துவிட்டன. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இதயத்தின் ஒரு சுவர் லேசாகத் தடித்திருக்கிறதாம். இது நேற்று முந்தாநாள் வந்ததில்லை என்றார் டாக்டர். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. அம்மாவிடம் சொன்னேன். ஐந்து நிமிஷம் அழுதாள், பிறகு ஊறுகாய் ஜாடியைத் தானே வந்து எடுத்துப் போவதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 10, புதன்

சிவனணைந்த பெருமாள் போன் செய்தான். பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்களாம். பவுடரை நிறுத்தியாயிற்று, மாத்திரை ஆரம்பித்தாயிற்று, இந்தத் தடவை ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "எல்லாரும் ஓடுதான். நான் கேட்டுக்கு வெளிய நிக்கேன்" என்றான். "சந்தோசமா சிஸ்டர்?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். வயது வரம்பைத் தொட அவனுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதைச் சொல்லி அவனைத் தேற்ற எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்டர்வியூ நன்றாகப் போனது. கடைசியில் உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். 'தற்போது ஏதேனும் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?' பக்கத்தில் இருந்தவர்கள் மடமடவென்று 'இல்லை' போட்டுவிட்டு எழுந்தார்கள். நான் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தால் மெஷின்கூடக் காட்டிக்கொடுக்காது. அப்பா எத்தனை வருஷம் இப்படி ஒரு பேனாவைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததும் கோபம் கொஞ்சம் குறைந்தது. 'ஆம்' என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் எழுதினேன். படிவத்தை வாங்கிய பெண்மணி ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிவு அடுத்த வாரம்.

இரவு எட்டே காலுக்கு அம்மா போன் செய்தாள். ஐந்து நாளாக இதே நேரம்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேம்மா."

வைக்காமல் இருந்தாள்.

"ஒங்கப்பாட்ட இப்படி ஒரு நா நான் கேக்கல" என்றாள்.

நாளைக்கும் கூப்பிடும்மா என்றேன். சரி என்றாள்.